இருந்துச்சி

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
எண்ணெய் டேங்கர்கள் கோத்த கூட்ஸ் ஒன்று
போகவும் இல்லை, நிற்கவும் இல்லை.
ஹேண்டில்பாரில் சாய்ந்தபடி போனைத் திறக்கிறேன்.
திருத்தும் அனுமதி கேட்டு
ஒரு விண்ணப்பம்.

பெயர்: டெல்பினா.
வேலை என்னவென்று நாங்கள் கேட்பதில்லை,
அவளே எழுதியிருக்கிறாள்: ஐஸ் கம்பெனி, காசிமேடு.
ஏன் அனுமதி வேண்டும் என்ற கட்டத்தில்
ஒரே வரி:
"கடலோரத் தெரு பத்தி நீங்க போட்டது தப்பா கீது."

நீங்க என்பது நான்தான்.
இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு பழைய வரைபடம்,
வரிப் பட்டியலின் மங்கிய நகல்,
அடிக்குறிப்புகள் பதினொன்று.

வடசென்னைத் தெருக்களைப் பற்றி
யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றுதான் தொடங்கினோம்.
அப்புறம் ஒருவன் வந்தான்.
வண்ணாரப்பேட்டையில் ஆரம்பித்து எர்ணாவூர் வரை
எல்லாப் பக்கத்திலும் தன் பிரியாணிக் கடை நம்பரைப் போட்டான்.
இன்னொருவன் கல்மண்டபத்துச் சந்து ஒன்றுக்கு
மாமனார் பெயரைச் சூட்டினான்.
மூன்றாமவனுக்குத் தெரிந்த வார்த்தைகளே மொத்தம் நான்கு,
நான்கும் இங்கே எழுதத் தக்கவை அல்ல.

அப்போதுதான் பூட்டுப் போட்டோம்.
பத்துத் திருத்தம் முன்வைக்க வேண்டும்,
மூன்று மாதம் ஆக வேண்டும்,
பழைய ஆள் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும்.
விதிகளைச் சுத்தத் தமிழில் எழுதியது நான்.
உனக்கு யார் ஜாமீன் நின்றார்கள் என்று
தஸ்தகீர் ஒருமுறை கேட்டான்.
நான் வந்தபோது கதவே கிடையாது என்று
சொல்லிச் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

ஆதாரம் இருக்கிறதா என்று அவளுக்குப் பதில் போட்டேன்.
பின்னால் ஷேர் ஆட்டோவின் ஹாரன்.
இந்த வரிசையில் சுண்டல் விற்று முடித்தவர்
அந்த வரிசைக்குப் போக
ரயிலைப் பார்த்து நிற்கிறார்.

"ஆதாரம்னா இன்னா சார்.
எங்க வூட்டுப் படி பாறாங்கல்லு சந்துல மாட்டினு கீது.
தண்ணி எறங்க சொல்லோ தெரியும்.
அதுல குந்திகினுதான் பத்தாவது படிச்சேன்."

இதை அடிக்குறிப்பில் எப்படிப் போடுவது?
பக்க எண் இல்லை. பதிப்பகம் இல்லை.
தண்ணீர் இறங்கும் நேரம் மட்டும் இருக்கிறது,
அதுவும் தினம் மாறும்.

கடைசிப் பெட்டி கடக்கிறது.
கேட் ஏறுவதற்குள் எல்லா வண்டியும் உறும,
யாரோ முதுகில் இடிக்க,
கட்டைவிரல் பட்டுவிட்டது:
அனுமதி.
யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

இரவு சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிறேன்.
பதினொரு அடிக்குறிப்பில் எதையும் அவள் தொடவில்லை.
மாற்றியது ஒரே சொல்.
"நாற்பத்திரண்டு வீடுகளுடன் இத்தெரு இருக்கிறது"
என்ற என் வாக்கியத்தில்
கடைசியை உருவிவிட்டு
"இருந்துச்சி" என்று வைத்திருக்கிறாள்.

கைப்பழக்கம்.
"இருந்தது" என்று மாற்றினேன்.
காரணம்: நடை சீர்செய்தல்.
ஐந்து நிமிடத்தில் மறுபடி
இருந்துச்சி.
காரணம்: நீங்க பாக்கல, நான் பாத்தேன்.

மூன்றாம் முறை கை வைத்தால்
அது சண்டை என்று ஒரு விதி.
அதையும் நான்தான் எழுதினேன்.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.
அந்தச் சகரம் பல்லில் சிக்கிய மீன்முள் போல
இன்னும் உறுத்துகிறது, மறைக்கவில்லை.

விடியற்காலை மூன்றரைக்குப் போன் ஒளிர்கிறது.
புது விண்ணப்பம். பெயர்: யேசுராணி.
ஜாமீன்: டெல்பினா.
விதிப்படி செல்லாது,
ஜாமீன்தாரருக்கே வயது ஒன்பது மணி நேரம்.
கீழே ஒரு குறிப்பு:
"என்கூட ஐஸ் அள்ளுது சார்.
மூணாவது வூடு."